மலை ஏறிப் போன லுங்கி

"இன்னாத்துக்குமா மலைக்குப் போய்த் துணி தைக்கிற? வீட்லயே மிஷின் கீதே!"

கீழ்வீட்டு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். பதில் எதுவும் கையில இல்லாமத்தான் நானும் பெட்டியைக் கட்டினேன்.

இப்ப பதில் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. (நடுவுல லுங்கி, நைஜீரியா, நிலக்கரின்னு எங்கெங்கயோ போவேன். கையைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே வாங்க.)

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. க்வில்ட்னா மூணு அடுக்குப் போர்வை. மேல ஒட்டுப் போட்டுச் சேர்த்த துணி, நடுவுல பஞ்சு விரிப்பு, அடியில ஒரு முழுத்துணி. மூணையும் சேர்த்து ஊடால தையல் ஓட்டணும். குளிர் நாட்டுக்காரங்களுக்கு இது பெரிய பைத்தியம். இலையுதிர் காலம் வந்தா மலைப்பக்கமா ஒரு வீடு பிடிச்சு, மிஷினைத் தூக்கிக்கிட்டுப் போய், கூட்டமா உக்காந்து தைப்பாங்க. அதுக்கு ரிட்ரீட்னு பேரு.

நம்ம ஊர்லயும் அந்தப் பைத்தியம் நல்லாவே பரவிடுச்சு. 2019 ஜனவரியில சென்னையிலேயே 'இந்தியா க்வில்ட் ஃபெஸ்டிவல்'னு பெரிய கண்காட்சி நடந்துது. அப்புறம் ரிட்ரீட் மட்டும் வராம இருக்குமா? வந்துது. கோத்தகிரியில. ஐப்பசி மாசத்துல.

அழைப்புப் படத்துல ஆரஞ்சு கலர் இலைங்க கொட்டிக் கிடந்துது.

கோத்தகிரியில எந்த இலையும் கொட்டல. கொட்டினது மழை.

நீலகிரியில ஊட்டிக்கு மேற்குப் பக்கம் ஆடி மழையில நனையும். கோத்தகிரி கிழக்குச் சரிவுல இருக்கு, நம்ம சென்னையைப் போட்டுத் தாக்குற அதே வடகிழக்குப் பருவமழைதான் அங்கயும். ராத்திரி சென்ட்ரல்ல நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில மேட்டுப்பாளையத்துல இறங்கி, பஸ் பிடிச்சு வளைஞ்சு வளைஞ்சு மேல போனா, திருவொற்றியூர்ல விட்டுட்டு வந்த மழை எனக்கு முன்னாடியே போய் இடம் போட்டு உக்காந்திருக்கு. தேயிலைச் செடி வருஷம் பூரா பச்சை. இலையுதிர் காலத்துக்கு அங்க வேலையே இல்ல.

சரி, மழை வந்தா என்ன, உள்ள உக்காந்து தைக்கிறதுதானேன்னு நீங்க நினைப்பீங்க. காட்டன் துணிக்கு அது தெரியாதே! ஈரக் காத்தைக் குடிச்சு நமத்துப் போயிடும். நேரா வெட்டினாலும் கோணும். சாய்வா வெட்டின முக்கோணமெல்லாம் இஸ்திரிப் பெட்டி பட்ட உடனே இழுத்துக்கும். அதனால எங்க டீச்சர் முதல்ல சொல்லிக் கொடுத்ததே இஸ்திரி போடத்தான். தேய்க்கக் கூடாது. பெட்டியைத் தூக்கி வைக்கணும், அமுக்கணும், மறுபடி தூக்கணும். (இத்தனை வருஷமா சட்டைக் காலரைத் தேய்தேய்னு தேய்ச்சவளுக்கு இது புதுப் பாடம்.)

ரெண்டாவது பாடம் தையல் இடம். நம்ம டெய்லருங்க கணக்குல இஞ்சுக்கு எட்டு நூல். க்வில்ட்டுக்கு ரெண்டு நூல், அதாவது கால் இஞ்ச், தையலுக்கு விடணும். அஞ்சு இஞ்ச் சதுரம் தைச்சு முடிச்சா நாலரைதான் நிக்கும். பத்து சதுரம் சேர்த்தா அம்பது இல்ல, நாப்பத்தஞ்சு. இதுல மிஷின் பாதம் அரை நூல் தள்ளி ஓடிச்சுன்னு வைங்க, வரிசை முடியறப்போ ஒரு இஞ்சுக்கு மேல காணாம போயிடும். பக்கத்து வரிசையோட சேராது. ரவிக்கைன்னா பிடிச்சு இழுத்துச் சமாளிச்சுடலாம். க்வில்ட் இழுத்த இழுப்புக்கு வராது.

இதுவரைக்கும் சந்தோஷம். எரிச்சல் எங்க வந்துதுன்னா, துணியில.

கூட வந்தவங்க பெங்களூர், கோயம்புத்தூர், அடையாறுன்னு கலவையா இருந்தாங்க. நல்லவங்க. ஆனா ஆளாளுக்கு ஒரு ரிப்பன் கட்டின பொட்டலம் எடுத்து வெச்சாங்க. வெளிநாட்டுக் கம்பெனிங்க அஞ்சு இஞ்ச் சதுரமா வெட்டியே விக்கிற துணி. விலை கேட்டேன். அந்தக் காசுக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல ஒரு மூட்டை கட்பீஸ் வாங்கிட்டு, மிச்சத்துக்கு பஜ்ஜியும் சாப்பிட்டு வரலாம்.

காட்டேஜ்ல சமைக்கிற அம்மா டீ கொண்டாந்து வெச்சாங்க. கொஞ்ச நேரம் நின்னு பாத்தாங்க. அப்புறம் என்கிட்ட மட்டும் மெதுவா கேட்டாங்க:

"ஏன் அக்கா, புதுத்துணியை வெட்டி மறுபடி தைக்கிறீங்க?"

என்னத்தைச் சொல்ல?

அடுத்து ஒருத்தங்க பொட்டலத்தைப் பிரிச்சாங்க. எல்லாரும் "அய்யோ அழகு!"ன்னு கூடிட்டாங்க. நானும் எட்டிப் பாத்தேன். கட்டம் போட்ட துணி. சிவப்பு, நீலம், மஞ்சள் கோடு. மேல 'மெட்ராஸ்'னு லேபிள்.

அடப்பாவிங்களா. அது லுங்கி!

எங்க வீட்டுக்காரர் அதே டிசைன்ல ஒண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் என்னை ரயிலேத்த ஆட்டோ பிடிச்சார்.

இங்க கொஞ்சம் ஊர்க்கதை பேசியே ஆகணும். என் வீடு திருவொற்றியூர்ல காலடிப்பேட்டை. 1717லேர்ந்து 1720 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த ஜோசப் காலெட், கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளிங்களைக் கொண்டாந்து குடி வெச்ச இடம். கொஞ்சம் தெக்கால வாங்க, வண்ணாரப்பேட்டை. நெய்த துணியை வெளுத்துக் கப்பலுக்குத் தயார் பண்ணினவங்க குடியிருந்த பேட்டை. எண்ணூர் தாண்டி வடக்கால போனா பழவேற்காடு. 1613லேயே டச்சுக்காரங்க அங்க கோட்டை கட்டி உக்காந்தது எதுக்குன்னு நினைக்கிறீங்க? துணிக்குத்தான். அங்கேர்ந்து போன கட்டம் போட்ட லுங்கியைத் தென்கிழக்காசியாவுல கட்டினாங்க.

இன்னிக்கு வடசென்னைன்னா கன்டெய்னர் லாரி, கரி, கம்பெனி. ஆனா இந்தக் கரையோரத்துல பாதிப் பேட்டைங்க பொறந்ததே துணியாலதான்.

இதை விட ஜோரான கதை அமெரிக்காவுல நடந்துது. 1958ல நம்ம மெட்ராஸ் கட்டம் துணி, ப்ரூக்ஸ் பிரதர்ஸ்னு பெரிய துணிக்கடைக்குப் போச்சு. அனுப்பினவர் பின்னாடி லீலா ஓட்டல் கட்டின கேப்டன் கிருஷ்ணன் நாயர். பச்சைத் தண்ணியில தனியா அலசணும்ங்கிற விஷயம் வாங்கினவங்க காது வரைக்கும் போகல. மிஷின்ல போட்டுட்டாங்க. சாயம் ஓடிடுச்சு! கேஸ் போடுற அளவுக்குச் சண்டைன்னு கதை சொல்வாங்க. கடைசியில என்ன பண்ணாங்க தெரியுமா? 'சாயம் போகும், கேரண்டி'ன்னு அதையே விளம்பரம் பண்ணி வித்தாங்க! ஒவ்வொரு அலசலுக்கும் கலர் ஒண்ணோட ஒண்ணு கலந்து புதுசா மாறும்னு. பிச்சுக்கிட்டுப் போச்சு.

அதுக்கப்புறம் அறுபதுகள்ல அங்க வெவ்வேற மெட்ராஸ் கட்டத்தை ஒட்டுப் போட்டு டவுசரும் கோட்டுமா தைச்சுப் போட ஆரம்பிச்சுட்டாங்க. காலேஜ் பசங்க ஃபேஷன். ஆக லுங்கியை வெட்டி ஒட்டுறது ஒண்ணும் நான் கண்டுபிடிச்சது இல்ல.

நைஜீரியாவுல இதுக்கும் மேல. நைஜர் ஆத்து டெல்டாவுல கலபாரின்னு ஒரு ஜனம். மெட்ராஸ் கட்டத் துணின்னா அவங்களுக்கு உசுரு. குழந்தை பொறந்தாலும் அது வேணும், யாராவது செத்தாலும் அது வேணும். அங்க பொம்பளைங்க அந்தத் துணியில கட்டத்துக்குள்ள இருக்கிற சில இழையை மட்டும் பிளேடால நறுக்கி, உருவி எடுத்துடுவாங்க. மிச்சம் நிக்கிறது புது டிசைன். நம்ம ஆளு தறியில போட்ட கட்டத்துல அவங்க கணக்கா இழையை எடுத்து இன்னொரு கட்டம் வரவழைக்கிறாங்க!

இப்ப யோசிச்சா, டீ கொண்டாந்த அம்மாவோட கேள்விக்கு அந்தக் கலபாரி பொம்பளைங்களை உக்கார வெச்சுப் பதில் சொல்ல வெச்சிருக்கலாம்.

நானும் சும்மா போகல. என் பையில ஒரு மூட்டை இருந்துது. அதுவரைக்கும் வெளிய எடுக்கக் கொஞ்சம் கூச்சமா இருந்துது. ரிப்பன் பொட்டலத்துக்கு நடுவுல எப்படி எடுக்கிறது? 'மெட்ராஸ்' லேபிளைப் பாத்தப்புறம் கூச்சம் போயிடுச்சு. கொட்டினேன் மேசையில.

எங்க வீட்டுக்காரரோட நைஞ்ச லுங்கிங்க. ஆயாவோட சுங்குடிச் சேலை. தாத்தாவோட காக்கி பேன்ட்.

அந்தக் காக்கி சாதாரணக் காக்கி இல்ல. பின்னி மில்லு காக்கி. தாத்தா பெரம்பூர்ல பி அண்ட் சி மில்லுல வேலை பாத்தார். பட்டாளத்துக்கே காக்கி நெய்து கொடுத்த மில்லு. இந்தியாவுல தொழிற்சங்கம்னு முறையா தொடங்கினதுல முன்னோடியான மெட்ராஸ் லேபர் யூனியன் 1918ல பொறந்தது இந்த மில்லுத் தொழிலாளிங்களாலதான். 1996ல மில்லை மூடிட்டாங்க. பேன்ட் இன்னும் கிழியல.

வெட்டறதுக்கு முன்னாடி சாயம் சோதனை. ஒரு வெள்ளைத் துணியை நனைச்சு, ஒவ்வொரு துணி மேலயும் அழுத்தித் தேய்ச்சுப் பாக்கணும். காக்கி, ஒரு பொட்டு ஓடல. பழைய லுங்கிங்க, ஓட வேண்டியதெல்லாம் எப்பவோ ஓடி முடிச்சுது. சுங்குடி சிவப்பு மட்டும் வெள்ளைத் துணியை ரோஸாக்கிடுச்சு.

உடனே ஆளுக்கொரு வைத்தியம். "கல்லுப்புல ஊறப் போடுங்க." "வினிகர் ஊத்துங்க." ரெண்டையும் சிவப்புல ஒவ்வொரு துண்டுக்குப் போட்டுப் பாத்தேன். உப்புத் தண்ணியும் சிவப்பு, வினிகர் தண்ணியும் சிவப்பு. டீச்சர் சொன்னதுதான் சரி. துணியில சரியாப் பிடிக்காம மிச்சம் நிக்கிற சாயத்தை இழுத்து வெளிய விடணும். அதுக்குத் தண்ணி தெளியற வரைக்கும் அலசணும். அப்புறம்தான் கத்திரி. (அந்த மழையில துவைச்ச துணி காயறதுக்கு என்ன பண்ணோம்னு கேக்காதீங்க. இஸ்திரிப் பெட்டிதான் பாவம்.)

இன்னொரு டிப்ஸ், நம்ம ஏரியாக்காரங்களுக்காக. ஒர்க்‌ஷாப்ல கை தொடைக்க மூட்டை மூட்டையா வருமே பனியன் வேஸ்ட், அதுல கை வெக்காதீங்க. பின்னின துணி, இழுத்தா நீளும், பக்கத்துல இருக்கிற காக்கியையும் சேர்த்துச் சுருக்கும். நெய்த துணியை நெய்த துணியோடதான் சேக்கணும்.

ஒரு மதியம் கரண்ட் போச்சு. மழைக்கு எங்கயோ மரம் விழுந்திருக்கு. வரிசையா இருந்த மிஷினெல்லாம் ஒரே நேரத்துல வாயை மூடிடுச்சு. கொஞ்ச நேரம் எல்லாரும் ஃபோனைப் பாத்தாங்க. சிக்னலும் இல்ல. அப்புறம் ஒவ்வொருத்தரா ஊசியில நூல் கோத்து ஓடுதையல் போட ஆரம்பிச்சோம்.

அப்பதான் டீச்சர் சித்தி பொம்பளைங்களைப் பத்திச் சொன்னாங்க. நம்ம சித்தி பெரியம்மா இல்ல. கர்நாடகாவுல உத்தர கன்னடா பக்கம், ஹளியால், எல்லாப்பூர்னு மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டோரம் இருக்கிற சித்தி மக்கள். பல நூறு வருஷம் முன்னாடி ஆப்பிரிக்காவுலேர்ந்து கொண்டுவரப்பட்டவங்களோட வம்சம். அவங்க தைக்கிற போர்வைக்குப் பேரு கவந்தி. அடியில ஒரு பழைய சேலை, மேல பழைய சட்டை, பாவாடைத் துண்டுங்க. நடுவுல பஞ்சு கிடையாது! ஒரு மூலையில தையல் ஆரம்பிச்சு, ஓரமா சுத்திச் சுத்தி உள்ள போய் நடுவுல முடிப்பாங்க. கடைசியா நாலு மூலையிலயும் துணியை முக்கோணமா மடிச்சு மடிச்சு ஒரு பூ. அந்தப் பூ வெக்கலைன்னா போர்வை அம்மணமா இருக்குன்னு அர்த்தமாம்.

பஞ்சு கிடையாதுன்னு கேட்டதும் நான் நிமிந்து உக்காந்துட்டேன்.

ஏன்னா பையை எடுத்து வெச்ச நாள்லேர்ந்து எனக்கு அதுதான் குடைச்சல். ராயபுரத்துலயும் எண்ணூர்லயும் மூணு அடுக்குப் போர்வையை எவன் போத்துவான்? மார்கழியிலயே நமக்கு ஃபேன் ஓடணும். கடல் காத்து, புழுக்கம், பாதி ராத்திரி கரண்ட் கட்டு. பஞ்சு வெச்ச க்வில்ட் தைச்சு எடுத்துட்டு வந்தா, அது பீரோ மேல ஏறி உக்காந்துக்கும். பஞ்சு வேணும்னு எழுதினவங்க ஊர்ல பனி பெய்யுது, அவங்களுக்கு அது சரி. நமக்கு ரெண்டு அடுக்கு போதும். மேல லுங்கி, அடியில பழைய சேலை. மெத்துனு இருக்கும், வேர்வையைக் குடிக்கும், துவைச்சா சீக்கிரம் காயும்.

கலர் விஷயமும் அப்படித்தான். படத்துல வர்ற க்வில்ட்டெல்லாம் பளீர் வெள்ளைப் பின்னணி. ராயபுரத்துல கொடியில வெள்ளைத் துணி காயப் போட்டு வளர்ந்தவங்களைக் கேளுங்க. துறைமுகக் கரித்தூள் படிஞ்சு சாயந்திரம் எடுக்கறப்போ சாம்பல் கலர்ல இருக்கும். 2011ல ஹைகோர்ட் சென்னைத் துறைமுகத்துல கரி இறக்குறதை நிறுத்தச் சொல்லிச்சு. கரி எங்க போச்சு? எண்ணூருக்கு. எங்களைத் தாண்டி இன்னும் வடக்கால. அதனால வடசென்னை க்வில்ட்டுக்கு நான் வெச்ச சட்டம்: வெள்ளை வேணாம். காக்கியும் கட்டமும் எவ்வளவு தூசையும் தாங்கும்.

உழைக்கிறவங்க உடுப்புல போர்வைன்னா கேவலம்னு யாராவது நினைச்சா, அமெரிக்காவுல அலபாமா பக்கம் ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊரைச் சொல்லுங்க. பருத்திக்காட்டுல வேலை பாத்த கறுப்பினப் பொம்பளைங்க, கிழிஞ்ச வேலை பேன்ட்டை வெட்டித் தைச்ச க்வில்ட். 2002ல நியூயார்க் மியூசியத்துல மாட்டினாங்க. 2006ல அரசாங்கமே அதைத் தபால் தலையா போட்டுச்சு. முட்டி தேஞ்ச இடத்துல கலர் வெளிறி இருக்குமே, அதுதான் அந்த டிசைனுக்கே அழகு. என் தாத்தா காக்கியிலயும் பாக்கெட் பிரிச்ச இடம் மட்டும் கரும்பச்சையா இருக்கு. அந்தத் துண்டைத்தான் நடுவுல வெச்சேன்.

சரி, அப்ப மலைக்குப் போனது தெண்டமா?

இல்ல. இப்ப கீழ்வீட்டு அக்காவுக்கு என் பதில்.

மலையும் பனியும் எனக்கு ஒண்ணும் பண்ணல. (கை விரைச்சு ஊசி பிடிக்க முடியாம போனதுதான் மிச்சம்.) அங்க இருந்த ஒரே ஒரு பொருள் எங்க தெருவுல இல்ல. தரை.

கட்டில் சைஸ் போர்வையை அடுக்கணும்னா, அடித்துணியைச் சுருக்கமில்லாம முழுசா விரிச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, மேல அடுக்கைப் போட்டு, நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நீவி நீவி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்குன்னு குத்திக்கிட்டே வரணும். அதுக்குப் போர்வையை விடப் பெரிய தரை வேணும், சுத்தி வர இடம் வேணும், அது முடியற வரைக்கும் யாரும் அதைத் தாண்டக் கூடாது. எங்க வீட்டு ஹால்ல பாயை விரிச்சா கதவு திறக்காது. திறந்தா மாமியார் மாத்திரை எடுக்கப் போவாங்க, பையன் ஷூவோட வருவான், பூனை வரும். மொட்டை மாடின்னா கரி. அந்தக் கோத்தகிரி ஹால்ல நான் கொடுத்த காசு முழுக்க தரைக்கும் பெரிய மேசைக்கும்தான்.

தரை மட்டும்தான் வேணும்னா, அது மலை மேலதான் இருக்கணும்னு என்ன?

திருவொற்றியூர் பூரா கல்யாண மண்டபம்! மார்கழியில ஒரு முகூர்த்தம் கிடையாது. அத்தனையும் பூட்டிக் கிடக்கும். வெயிலும் கம்மி, மழையும் ஓய ஆரம்பிச்சிருக்கும். சாப்பாட்டுக் கூடத்துல நீளநீளமா மேசை வேற. இதை விட நல்ல ரிட்ரீட் எங்க கிடைக்கும்?

ஊருக்கு வந்ததும் ஒரு மண்டபத்துக்குப் போய்க் கேட்டேன்.

"இன்னா ஃபங்ஷன் மேடம்?"

"துணி தைக்கிறது சார்."

"பொண்ணு மாப்ள?"

"யாரும் இல்ல சார். ஒரு இருபது லேடீஸ், மிஷின், இஸ்திரிப் பெட்டி."

மேனேஜர் ரொம்ப நேரம் யோசிச்சார். "மார்கழில மேளம் மட்டும் அடிக்காதீங்க"ன்னார். வாடகையைப் பாதியாக் குறைச்சார். ஏசி போட்டா தனின்னார். சமையக்கட்டு வேணாம்னு சொல்லிட்டேன், டீக்கு எதிர்க்கடை இருக்கு.

ஆக, இந்த மார்கழி முதல் சனிக்கிழமை. வர்றவங்க மிஷின் இருந்தா கொண்டு வாங்க, இல்லைன்னா ஊசியும் நூலும் போதும். துணி புதுசா வாங்கக் கூடாது, அது ஒண்ணுதான் கண்டிஷன். வீட்ல இருக்கிற பழைய லுங்கி, யூனிஃபார்ம், சேலை. சாயம் ஓடுதான்னு நனைச்சுப் பாத்துட்டு, அலசிக் காயவெச்சு எடுத்துட்டு வாங்க.

ஆம்பளைங்க வரலாமான்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. தாராளமா வரலாம். ஆனா லுங்கியைக் கையில எடுத்துட்டு வாங்க. கட்டிக்கிட்டு வந்தீங்கன்னா, கத்திரி இருக்கிற இடம், நான் பொறுப்பில்ல.